முதலில் காது

யோகா டீச்சர் ஆவதற்கு எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டு யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஐ.டி.யில் இருப்பவர்கள். வேலை அலுத்துவிட்டது என்பார்கள். கூடவே மந்திரமும் படித்துச் சொல்லித்தர ஆசை, ஆறு மாதத்தில் முடியுமா என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "இப்போ யார்கிட்ட கத்துக்கிறீங்க?" யூடியூப் என்று பதில் வந்தால் பேச்சு அதிக நேரம் நீளாது. கோர்ஸ்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் என்று நான் பார்த்த அத்தனை பேரும் யாரோ ஒருவரிடம் வருடக்கணக்கில் மாணவராக உட்கார்ந்தவர்கள். உட்கார வைத்தவர் ஒரு நாள் "இவங்களை நீ பாத்துக்கோ" என்று ஓர் ஆளைக் கையில் பிடித்துக் கொடுத்திருப்பார். வேறு வாசல் இருந்தால் எனக்குத் தெரியாது.

நான் வந்தது டெலிபோன்ஸிலிருந்து. 1983-ல் திருநெல்வேலியில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கி வந்தேன். ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்செட், கையில் கார்டு, எதிரே போர்டு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால்கள் வரிசையில் நிற்கும். மறுமுனையில் இருப்பவர் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் சாவுச் செய்தியா, வியாபாரமா என்று கண்டுகொள்வோம். எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த பிறகு ட்ரங்க் வேலை சுருங்கி, என்னை 197 விசாரணைக்கு மாற்றினார்கள். அங்கேயும் காதுதான் பிழைப்பு. அந்த ஹெட்செட்டும் ஸ்ப்ளிட் டூட்டியும் சேர்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டன. எலும்பு டாக்டர் காலர் மாட்டிவிட்டார். காலரோடு போர்டில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரி கூப்பிட்டால்கூட உடம்போடு திரும்ப வேண்டும். அவள்தான் மந்தைவெளியில் ஒரு சாரிடம் போகச் சொன்னாள்.

மந்தைவெளி என்றால் சும்மா இல்லை. 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இருக்கும் இடம். தேசிகாச்சாரின் அப்பா திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர், 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து நூறு வயது வரை இங்கேயே இருந்தவர். ஐயங்கார் யோகா என்றும் அஷ்டாங்கா என்றும் இன்று உலகம் முழுக்கப் போயிருக்கும் இரண்டும் அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் வழியாகப் போனவை. அவர் 1989-ல் காலமானார். நான் போனது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. என் சார் அந்த வழியில் படித்து வீட்டில் தனியாகச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்; பேர் போட்ட போர்டு கிடையாது.

முதல் நாள் சார் என்னை எந்த ஆசனமும் செய்யச் சொல்லவில்லை. நிற்கச் சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்குங்கோ, விட்டுக்கொண்டே இறக்குங்கோ என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசதியாக இருக்கிறார்போல என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். தொண்டையில் லேசாக உரசி வரும் உஜ்ஜாயி மூச்சு எந்த இடத்தில் அறுகிறதோ அந்த இடத்தில் கை நின்றுவிட வேண்டும் என்றார். எனக்குக் காதுக்கு மேலே கை போகவேயில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் குச்சிப் பொம்மைகள் வரைந்தார். நிற்கிற பொம்மை, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிய பொம்மை, இடுப்பைத் தூக்கிய பொம்மை. அதுதான் த்விபாத பீடம். பக்கத்தில் எத்தனை தடவை, எந்த அசைவுக்கு இழுக்க வேண்டும், எதற்கு விட வேண்டும் என்ற குறிப்பு. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாது. "இதை மட்டும் பண்ணுங்கோ. அடுத்த வாரம் வாங்கோ." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பின்னால் நான் வரைந்து கொடுத்த தாள்கள் எல்லாம் அதே மாதிரிதான், என் பொம்மைக்குத் தலை மட்டும் கொஞ்சம் பெரிசாக வரும்.

காலர் கழன்ற பிறகும் போவதை நிறுத்தவில்லை. மந்திரப் பாடம் தொடங்கியது அப்புறம்தான், அதுவும் நான் கேட்டு அல்ல. இருமிக்கொண்டே வந்த ஒரு நாள், மூச்சை விடும்போது 'ம்' என்று ஒலியோடு விடச் சொன்னார். பிறகு ஓம். குனிந்துகொண்டே சொன்னால் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காதே சொல்லிவிடும்; மனசுக்குள் எண்ணினால் ஆறை எட்டு என்று ஏமாற்றிக்கொள்ளலாம், ஒலியில் அந்தப் பித்தலாட்டம் நடக்காது. ஆசனத்துக்குள் ஏன் மந்திரம் வைக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான காரணம் இதுதான். மற்ற காரணங்களைப் பிறகு நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் ஓதுவார் பாடும் தேவாரத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். கொஞ்சம் பாடவும் வரும். அதனால் வேதப் பாடம் சுலபமாக வரும் என்று எண்ணியிருந்தேன். அது பெரிய இடைஞ்சலாகத்தான் ஆனது. வேதம் சொல்வதில் மூன்றே நிலை: நடுவில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. பண்ணில் இருக்கும் குழைவுக்கு அங்கே இடமில்லை. நான் மேலே போகும்போதெல்லாம் ஒரு சுழி சுழித்துவிட்டு வருவேன். சார் கையை மட்டும் தூக்குவார். நிறுத்து என்று அர்த்தம். இன்றைக்கு என்னிடம் வருகிறவர்களிலும் கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குத்தான் கூடுதல் காலம் பிடிக்கிறது. கமகத்தைக் கழற்றி வைப்பது, பாடவே தெரியாதவர் பாடக் கற்பதைவிடக் கஷ்டம்.

பாடம் நடப்பதற்குச் சந்தை சொல்வது என்று பேர். ஆசிரியர் ஒரு துண்டு சொல்வார். மாணவர் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் அடுத்த துண்டு. புத்தகம் மூடித்தான் இருக்கும். காதில் ஏறி, நாக்கில் படிந்த பிறகுதான் எழுத்தைப் பார்க்கலாம். தைத்திரீய உபநிஷத்தில் சீக்ஷாவல்லி என்று ஒரு பகுதி இருக்கிறது; உச்சரிப்புக்கு வேண்டிய ஆறு விஷயங்களை அது வரிசைப்படுத்துகிறது: வர்ணம், ஸ்வரம், மாத்ரை, பலம், ஸாமம், ஸந்தானம். சார் ஆறையும் ஒரே மாலையில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அவை ஒவ்வொன்றாகப் பிடிபட வருடங்கள் ஆயின. மாத்திரை மட்டும் புதுசில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் வைத்து அடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான். தகராறு பலத்தில் வந்தது. நமக்கு ஒரே 'க'. அங்கே நான்கு. நம் ஊர் ஸ்லோகப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பார்களே, அது இதற்குத்தான். எண்ணைப் பார்த்துப் படிக்கிறவர் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு நொடி தடுக்குவார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, காற்று கையில் மோதுகிறதா என்று பார்த்துச் சொன்னால், காற்று விட்டுச் சொல்வதும் விடாமல் சொல்வதும் வேறு வேறு என்று புரியும். என் வகுப்பில் எல்லாரும் முதல் மாதம் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

எழுத்தைப் பார்க்கலாம் என்ற கட்டம் வந்ததும் பென்சில் வேலை. எழுத்துக்குக் கீழே படுத்த கோடு என்றால் இறக்கு, மேலே நின்ற கோடு என்றால் ஏற்று, மேலே இரட்டைக் கோடு என்றால் ஏற்றி நீட்டு. கோடே இல்லாவிட்டால் நடுவிலேயே இரு. இந்த மூன்று குறி தெரிந்துவிட்டால் புத்தகத்தைப் பார்த்துத் தானே படித்துவிடலாம் என்று சிலர் புறப்படுவார்கள். எவ்வளவு ஏற்றுவது என்று எந்தக் கோட்டிலும் எழுதியிருக்காது.

பெண்கள் வேதம் சொல்லலாமா என்ற கேள்வி அப்போது நேருக்கு நேர் வரும். ஆபீஸ் தோழி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நாங்கள் சில பேர் உட்கார்ந்து சாந்தி மந்திரம் சொன்னோம். ஒரு பெரியவர் இலையை விட்டு எழுந்து போனார். நான் பிறந்த சாதியையும் சேர்த்து விசாரித்தார் என்று பிறகு தெரிந்தது. சாரிடம் சொன்னேன். கிருஷ்ணமாச்சாரியார் ஆசாரத்தில் யாருக்கும் குறைந்தவர் இல்லை, அவரே பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றார். ஆழ்வார்திருநகரியில் இளவயதில் தனக்குக் கிடைத்ததாக அவர் சொன்ன யோக ரகசியம் என்ற நூல், பெண்களுக்கு யோகத்தில் தனி உரிமை பேசுகிறது. எங்கள் ஜில்லாப் பக்கத்து ஊர் என்பதால் எனக்கு அதில் கூடுதல் சந்தோஷம். 2003-ல் யுனெஸ்கோ வேதம் ஓதும் மரபை மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியம் என்று அறிவித்தபோது பேப்பரில் வந்தது. அதன் பிறகு எழுந்து போகிறவர்கள் குறைந்தார்கள். யுனெஸ்கோ சொன்னால்தான் நம்மவர்களுக்கு நம்பிக்கை.

சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் சாரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் ஒரு மாமி, முழங்கால் வலி, தூக்கம் வராது. "நான் வர்ற வரைக்கும் நீங்க போய்ட்டு வாங்கோ. புதுசா ஒண்ணும் சேர்க்க வேண்டாம், குறைக்கணும்னா குறைக்கலாம்" என்றார். மாமி என்னைப் பார்த்ததும் "நீ எவ்வளவு நாளா சொல்லித் தர்றே?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் மூச்சை மட்டும் கேட்டேன். சார் திரும்பி வந்தபின் மாமி என்னையே வரச்சொல்லிவிட்டார். காரணம் என் திறமை இல்லை. சார் காலை எட்டு மணிக்குத்தான் வருவார், எனக்கு டூட்டி மாறி மாறி வருவதால் விடிகாலை ஐந்தரைக்கே போய்விடுவேன். மாமிக்கு அதுதான் சௌகரியம். தொழிலில் பாதி இந்தச் சௌகரியம்தான்.

எக்ஸ்சேஞ்ச் ஓய்வறையில் ஜமக்காளம் விரித்துச் சக ஆபரேட்டர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒருத்தி முஸ்லிம். மந்திரம் வேண்டாம், மூச்சு மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. நாங்கள் சந்தை சொல்வதை மூலையில் இருந்து கேட்டுவிட்டு, "எங்க மதரஸாவுலயும் இப்படித்தான்க்கா. உஸ்தாத் ஓதுவார், நாங்க திருப்பி ஓதணும்" என்றாள். எங்கே நீட்ட வேண்டும், எத்தனை எண்ணிக்கை நீட்ட வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்கலாம், எங்கே நிறுத்தவே கூடாது என்று அவர்களுக்கு தஜ்வீத் என்று தனி இலக்கணமே இருக்கிறது. வரிக்கு நடுவில் மூச்சு தீர்ந்துபோனால் எங்கிருந்து மறுபடி எடுப்பது என்பதை நான் ஒழுங்காகக் கற்றது அவளிடம்தான்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ப்பரேஷனில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், கறுப்புச் சட்டைக்காரர். ஐம்பது வருடம் பீடி குடித்த நுரையீரல். பம்ப் இல்லாமல் மாடி ஏற முடியாது. டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார் என்று மகள் அழைத்து வந்தாள். வாசலிலேயே, "மந்திரம் கிந்திரம்னு ஆரம்பிச்சா நான் கெளம்பிடுவேம்மா" என்றார்.

"வேண்டாங்கய்யா. குறள் தெரியுமா?"

"நூத்துக்கணக்குல தெரியும்."

நாற்காலியில் உட்கார வைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்க வேண்டும். குறளைச் சொல்லிக்கொண்டே இறக்க வேண்டும். குறளுக்கு ஏழு சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. முதல் வாரம் நான்காவது சீருக்குள்ளேயே மூச்சு வறண்டு, கை பொத்தென்று மடியில் விழுந்தது. அடிக்கு ஒரு மூச்சு என்று பிரித்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் ஏழும் ஒரே மூச்சில் வந்தது, அவசரமாக. பிறகு நிதானமாக. எந்த அதிகாரம் என்று அவரே தேர்ந்தெடுத்தார்: 95, மருந்து. கள்ளுண்ணாமை எழுதிய வள்ளுவர் புகையிலைக்கு ஓர் அதிகாரம் எழுதாமல் போய்விட்டாரே என்று அவருக்குக் குறை. புகையிலையைக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர்கள் வந்து சேர்ந்ததே பிற்பாடுதானே ஐயா என்றேன். "வள்ளுவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா, கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்" என்றார். நோய் போகவில்லை, பம்பும் நிற்கவில்லை. மாடி ஏறும்போது நடுவில் எங்கே நின்று மூச்சை நீளமாக விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசிவரை அவர் அதை யோகா என்று சொல்லவில்லை. 'குறள் பயிற்சி' என்றுதான் சொல்வார்.

மந்திரம் கேட்டு வருகிறவர்களில் வேறு ரகமும் உண்டு. பணம் சேர ஒன்று, பெண்ணுக்குக் கல்யாணம் கூட ஒன்று, பக்கத்து வீட்டுக்காரன் வாயைக் கட்ட ஒன்று. எனக்குச் சந்தை சொல்லத்தான் தெரியும், அதற்கெல்லாம் ஜோசியரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். சர்க்கரை குறையுமா என்று கேட்பவர்களை டாக்டரிடம் அனுப்புவேன். அனுப்பியவர்களில் சிலர் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

காசு விஷயம். நான் தொடங்கியபோது சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குவதா என்று கேட்பார்கள்; வெற்றிலையில் வைத்துக் கொடுத்தால் மட்டும் சரி. சர்க்கார் சம்பளம் வந்ததால் எனக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை. இதையே நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். 2000-க்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 200 மணி நேரப் பயிற்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை வைத்து இங்கே ஒரு மாதப் பாக்கேஜ்கள் பிறந்தன. காலையில் ஆசனம், மத்தியானம் தத்துவம், சாயங்காலம் மந்திரம், கடைசி நாள் சர்டிபிகேட். பதஞ்சலி யோக சூத்திரத்தின் நான்கு பாதங்களையும் நான்கு மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள். எங்கள் சார் முதல் பாதத்தின் 51 சூத்திரங்களைச் சந்தை சொல்லி முடிக்க ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை எடுத்துக்கொண்டார்.

2015 ஜூன் 21-ல் முதல் உலக யோகா தினம். தில்லி ராஜபாதையில் கிட்டத்தட்ட 36,000 பேர் சேர்ந்து செய்ததை டி.வி.யில் காட்டினார்கள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம், கம்பெனி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எல்லாருக்கும் டீச்சர் தேவைப்பட்டார். இதனால் நிறையப் பேருக்குப் பிழைப்புக் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதுவரை ஆள் ஆளாகப் பார்த்த வேலை பேட்ச் பேட்சாக மாறியது. முப்பது பேர் வரிசையாக நிற்கும் இடத்தில் யார் மூச்சையும் கேட்க முடியாது. ஸ்பீக்கரில் நம் குரலைத்தான் நாமே கேட்டுக்கொண்டிருப்போம். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு குடியிருப்பில் கொஞ்ச காலம் எடுத்தேன். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் இருக்கிறதா என்று சங்கச் செயலாளர் கேட்டார். அந்த வயதில் பரீட்சைக்குப் படித்தேன். செய்முறைத் தேர்வு நடத்திய பையனுக்கு என் மகனைவிட வயது குறைவு; மரியாதையாகத்தான் நடத்தினான். சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுபோனால் செயலாளர் மாறிவிட்டார். புதியவர் கேட்ட கேள்வி, ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா என்பதுதான்.

2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நாடு முழுக்க எழுபத்தெட்டாயிரம் பேர் ஒரே நாளில் வந்தோம். இனி முழு நேரமும் இதுதான் என்று நினைத்திருந்தபோது மார்ச்சில் ஊரடங்கு. ஆசனம் ஜூமில் எப்படியோ ஓடியது. மந்திரம்தான் படுத்தியது. சேர்ந்து சொன்னால் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து சந்தைக்கடையாகிவிடும். எல்லாரையும் மியூட்டில் வைத்து, ஒருவரை மட்டும் திறந்துவிட்டேன். அப்போதும் ஓம் என்று நீட்டினால் பாதியில் ஒலி காணாமல் போகும். அவருக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்துச் சில நாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேரன்தான் கண்டுபிடித்தான்: ஒரே சீராக நீளும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து ஜூம் அமுக்கிவிடுகிறது. 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் போட வேண்டும். எல்லார் வீட்டிலும் அதைப் போட வைக்கவே ஒரு வாரம் போனது. அதற்குப் பதிலாக ஒன்று கிடைத்தது. கூட்டத்தில் மற்றவர் குரலுக்குள் ஒளிந்துகொண்டு சொன்னவர்கள் எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் தனியாக மாட்டிக்கொண்டார்கள். வருடக்கணக்காக வருகிற சிலர், ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கியே பழகியிருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நேர் வகுப்பிலும் ஒருவர் ஒருவராகத்தான் கேட்கிறேன். நேரம் பிடிக்கிறது, பேட்ச் சிறிசாகிவிட்டது, வரும்படியும்.

இப்போது என்னிடம் தாம்பரத்திலிருந்து ஒரு நர்ஸ் வருகிறாள். நைட் டூட்டி முடித்து நேராக வருவாள், சில நாள் சந்தை சொல்லும்போதே தூங்கி விழுவாள். டீச்சர் ஆகிறேன் என்று அவளும் கேட்டதில்லை. போன மாதம் நங்கநல்லூரில் ஒரு பாட்டியை அவளிடம் கொடுத்தேன். புருஷன் போன பிறகு பாட்டி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது என்று மகன் சொல்லியிருந்தார். மூச்சோடு கையைத் தூக்கி இறக்குவது, விடும்போது 'ம்', அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்து, "அக்கா, ஒண்ணுமே நடக்கலக்கா. அவங்க வாயே தெறக்கல. நான் மட்டும் 'ம்'முன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள்.

"கை தூக்கினாங்களா?"

"அது தூக்கினாங்க. நான் நிறுத்தின அப்புறமும் தூக்கிட்டே இருந்தாங்க."

"அப்போ வியாழக்கிழமையும் நீயே போ" என்றேன்.